தும்மல் மிராசுவின் பேரன் எழுதுவது

நாடகாசிரியர் வியாகுலம் நூற்றாண்டு மலரின் ஆசிரியர் அவர்கள் சமூகத்திற்கு,

நைனார்பாளையம் கண்ணாயிரம் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் மலர்க் குழுவிலுள்ள பெரியோர்களும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டுகிறேன். என் நலத்தைக் கேட்காதீர்கள். இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டேன், வேன் வந்துவிட்டதோ என்று.

என்ன வேன் என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள், அனுப்புவதே தாங்கள்தானே. வியாகுலம் பெரிய நாடகாசிரியர், எங்கள் ஊரில் பிறந்து ஊரெல்லாம் பெயர் வாங்கியவர், அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அவர் வாழ்க்கையைத் தேடி ஜனங்கள் வருகிறார்களா, வரட்டும். அவர் பிறந்த வீட்டைக் காட்டுங்கள், படித்த பள்ளிக்கூடத்தைக் காட்டுங்கள், மலைமேல் கரியாலூரில் தங்கி எழுதிய இடத்தைக் காட்டுங்கள். நடுவில் என் வீட்டை ஏன் காட்டுகிறீர்கள்? அவருடைய ‘அடைத்த மடை’ நாடகத்தில் ஒரு வில்லன் வருகிறான். ஏரி மடையை அடைத்துக் குத்தகைக்காரர்களின் பயிரைக் காயவைப்பவன், ஒவ்வொரு பொய்க்கு முன்னாலும் ஒரு தும்மல் போடுபவன், பெயரே தும்மல் மிராசு. அது என் தாத்தாதான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அதிலிருந்து ஞாயிறுதோறும் என் வாசலில் வேன் நிற்கிறது. வியாகுலத்தின் பேத்தி செலினா இறங்கி, மைக்கைப் பிடித்துக்கொண்டு, “இதாங்க தும்மல் மிராசு வூடு. அதோ கட்டில்ல குந்திக்கினு இருக்காரே, அவரு பேரன்” என்கிறது. நான் சட்டை போடலாமென்று உள்ளே ஓடினால், “ஓடறாரு பாருங்க, படம் எடுங்க” என்கிறார்கள். போனவாரம் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, “சார், ஒரே ஒரு தும்மல் போடுங்க, ரீல்ஸ் போட்டுக்கறோம்” என்றார்.

எங்கள் குடும்பத்துக்குத் தும்மல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இருந்தது. கதிரடிக்கும் தூசு, மிளகாய் வறுக்கும் நெடி, எது பட்டாலும் வரும். தும்மலுக்கும் பொய்க்கும் என்ன சம்பந்தம்? ஆனால் நாடகம் பார்த்தவன் கேட்பானா? சின்னசேலத்திலிருந்து ஒரு வியாபாரி என் பசுவைப் பார்க்க வந்தார். “எத்தினி லிட்டர் கறக்குதுங்க?” என்றார். வைக்கோல் தூசு மூக்கில் ஏறி நான் தும்மித் தொலைத்தேன். பிறகு, “வேளைக்கு ஆறுங்க” என்றேன். சத்தியமான ஆறு. அவர் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். “நாடகத்த நானும் பாத்திருக்கேங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாடு இன்னும் என் கொட்டகையில்தான் நின்று தின்கிறது.

பொறுத்தது போதுமென்று, கரியாலூரில் தாங்கள் நடத்திய விழாவுக்கே போய் மேடையில் மறுத்துவிடுவதென்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரி அம்சவள்ளியையும் கூட்டிக்கொண்டேன், சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டுமே. கச்சிராயபாளையத்தில் பஸ் பிடித்து, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை உருப்போட்டேன்: “எங்க தாத்தா எந்த மடையையும் அடைக்கல.” செலினா நல்ல பெண், மறுக்காமல் மைக்கைக் கொடுத்தது. ஆனால் விருந்தாளி என்று யாரோ எனக்கு ஒரு மாலையைப் போட்டார்கள். சாமந்தியோ, அதில் ஒட்டியிருந்த ஜிகினாவோ, மலைக் குளிரோ தெரியவில்லை. வாயைத் திறந்தேன், தும்மல் வந்தது. மைக் வழியாக மலை முழுக்கக் கேட்டிருக்கும். அதோடு இறங்கியிருக்கலாம். உருப்போட்ட வாக்கியம் வீணாகக் கூடாதென்று அதையும் சொல்லித் தொலைத்தேன். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. “பேரன்னா இவருதான்யா பேரன்! இன்னொரு வாட்டிங்க!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். முன் வரிசையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தது என் சாட்சி.

திரும்பி வரும்போது பஸ்ஸில், “நீயுமாடி?” என்று கேட்டேன். “நான் இன்னாங்க பண்ணுவேன், சிரிப்பு வந்துடுச்சி. உங்கள யாரு போயி மைக்க புடிக்கச் சொன்னது?” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. செத்துப்போன மனுஷன், திரும்பி வந்து ஒரு வார்த்தை பேச முடியாது. அவரைப் பார்த்து ஊர் சிரிப்பதை நான் எத்தனை நாளைக்குத்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

ஆகையால் கேட்டுக்கொள்வது என்னவென்றால், மலரில் எங்கள் தாத்தாவின் பெயர் எந்த மூலையிலும் வரக்கூடாது. தும்மல் மிராசு முழுக்க முழுக்கக் கற்பனை, அவன் யாருக்கும் தாத்தா அல்ல என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட வேண்டும். வேன் எங்கள் தெருவில் நுழையக்கூடாது. மீறினால் சக்கரத்துக்கு முன்னால் படுத்துவிடுவேன். எனக்கு இடுப்பு வலி உண்டு, படுத்தால் எழுப்பிவிட இரண்டு ஆள் வேண்டும். அதையும் குழுவே ஏற்பாடு செய்துகொள்ளட்டும்.

மற்றபடி தாங்கள் எடுத்த காரியம் எங்கள் பெயர் இல்லாமலே சிறப்பாக முடிந்து, மலர் நன்றாக விற்று, தங்கள் பிள்ளைகுட்டிகள் நல்லபடியாக இருக்கட்டும். அம்சவள்ளியும் தங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
நிம்மதியைத் தேடும்
கண்ணாயிரம்

பி.கு.: கவரை ஒட்டித் தபால் பெட்டிக்குப் போகும் வழியில் செலினா எதிரே வந்தது. “ஐயா, இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்லீங்க. கீழத்தெரு பொன்னுரங்கம் வந்து, தும்மல் மிராசு அவங்க தாத்தாதான்னு சொல்லிட்டாரு. இந்த ஞாயித்துக்கெழமலேர்ந்து வேன் அங்கதான் போவுது. மலர்லயும் அவங்க தாத்தா போட்டோதான்” என்றது. நடுத்தெருவில் நின்று கவரைக் கிழித்து இதை எழுதுகிறேன். பொன்னுரங்கத்தின் தாத்தாவுக்கு இருந்தது மானாவாரிக் காடு, வானம் பார்த்த பூமி. ஏரித் தண்ணீரில் அவர் கால் கழுவியதோடு சரி. அந்த மனுஷன் எந்த மடையை அடைத்தார்? மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். அடைத்தவர் எங்கள் தாத்தாதான், அய்யாக்கண்ணு மிராசுதார் என்று முழுப் பெயராகப் போடவும், படத்தை வீட்டுச் சுவரிலிருந்து கழற்றி இத்துடன் வைத்து அனுப்புகிறேன். எந்த இடத்தில் மண் மூட்டை அடுக்கினார் என்று சின்ன வயதில் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அவரே காட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வேனை ஏரிக்கரைக்கு வரச் சொல்லுங்கள், நான் காட்டுகிறேன்.