உங்கள் தம்பி வாசலில் நிற்கும் காரணம்

மதிப்புக்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் உடன்பிறந்த தம்பியின் மனைவி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் உங்கள் தம்பி தன் முழங்கால் வலியையும் சேர்க்கச் சொல்வார். ஆகவே முழங்கால் நீங்கலாக நலம். அங்கே உங்கள் நலத்துக்குக் குறையிருக்காது என்று நம்புகிறேன்.

உங்கள் புது வீட்டைப் பார்க்க வந்த அன்று, விருந்தாளிகள் அத்தனை பேர் முன்னால் உங்கள் தம்பி மாடிப்படி சாய்ந்திருக்கிறது என்று சொன்னதிலிருந்து நீங்கள் எங்களோடு பேசுவதில்லை. நியாயமான கோபம்தான். சொன்னதோடு விடாமல் நூலில் இரும்புக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு நிரூபித்து வேறு காட்டினார். அந்தக் கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இதைப் படியுங்கள். உங்களால் மட்டுமே ஆகக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது.

டவர் கிரேன் ஓட்டிக்கொண்டு ஆகாசத்தில் நிம்மதியாக இருந்தவரைக் கம்பெனி பிடித்து இறக்கி சூப்பர்வைசர் ஆக்கிவிட்டது. பதவி உயர்வு என்று பேர், ஆளோ தரைக்கு வந்துவிட்டார். தரையில் தினமும் மீட்டிங். முடிவில் மேனேஜர், யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார். பதிலை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வியா அது? இவர் எழுந்து சொல்ல ஆரம்பித்தவர், சாப்பாட்டு நேரம் தாண்டியும் நிறுத்தவில்லையாம். பிறகு சிமென்ட் மூட்டை அடுக்கிய அறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்காரத் தொடங்கினார். கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு, இது ஆட்டிசமாக இருக்கலாம், பெரியவர்களுக்கும் அதற்குப் பரிசோதனை உண்டு, உறுதியானால் கிரேனுக்கே திருப்பி அனுப்பச் சொல்லலாம் என்றார். ஐம்பது வயதில் இதென்ன புதுசு என்று நான் வாயைப் பிளந்தேன். உங்கள் தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பரிசோதித்த டாக்டரம்மா, வார்த்தையே இல்லாத படப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னார். ஒரு படத்தில் ஏணி. இப்படிச் சாத்தினால் ஏறுகிறவன் விழுவான், கதை அப்புறம் என்று இவர் புத்தகத்தை மூடப் போனார். டாக்டரம்மா பென்சிலால் ஏணியைத் திருத்தி வரைந்த பிறகுதான் அடுத்த பக்கம். நண்பர் உண்டா என்றதற்கு, கீழிருந்து வாக்கிடாக்கியில் பேசுகிறவர் இருக்கிறார், பல வருஷப் பழக்கம், முகம் மட்டும் அவ்வளவாகத் தெரியாது என்றார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை, நல்ல நட்பு என்றார்.

பிறகு வீட்டில் எது கஷ்டம் என்று என்னைக் கேட்டார். வேலை முடிந்து வந்தால் உள்ளே வராமல் வாசலிலேயே நிற்பார் என்றேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நிற்கிறார் என்றுதான், அண்ணி, கல்யாணமான நாளிலிருந்து நினைத்து வந்தேன். இவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

“உள்ள வந்ததும் ஃபிரிட்ஜ் சத்தம், ஃபேன் சத்தம், குழாய் சொட்டுற சத்தம், எல்லாம் ஒண்ணா வந்து மேல விழும். ஒவ்வொண்ணா ஒதுக்கி வச்சாத்தான் இவ குரல் தனியாக் கேட்கும். அதுக்குத்தான் நிக்கிறேன்.”

என் குரலுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டு நின்ற மனிதரை, கொசு வருகிறது கதவைச் சாத்துங்கள் என்று தினமும் கத்தி விரட்டியிருக்கிறேன். இப்போது அவர் வாசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அடுப்படியில் அசையாமல் நிற்கிறேன். இப்படியும் ஒருவர் என் பேச்சைக் கேட்பாரா என்ற பிரமிப்பு இன்னும் தீரவில்லை.

அவரைச் சிறு வயதில் பார்த்த யாராவது பேசினால்தான் டாக்டரம்மா முடிவு சொல்ல முடியுமாம். மாமாவும் அத்தையும் போன பிறகு மிஞ்சியிருப்பது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் பேசாவிட்டால் அவருக்கு அந்த சிமென்ட் அறைதான் கதி. தயவு செய்து பேசுங்கள். தங்கமான பிள்ளை, ஒரு வித்தியாசமும் கிடையாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வேண்டுமானால் அவரை மன்னிப்புக் கேட்க வைக்கிறேன். மாடிப்படி நேராக இருக்கிறது என்று மட்டும் அவர் வாயில் வராது.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் கோபத்துக்கும் தனியாக ஒரு வணக்கம்.

இப்படிக்கு,
பதிலுக்கு ஏங்கும் தம்பி மனைவி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது உங்கள் தம்பி வந்தார். உங்களிடம் உதவி கேட்டு எழுதியிருக்கிறேன் என்றேன். போன வாரமே உங்களுக்குப் போன் செய்துவிட்டாராம். நீங்களும் டாக்டரம்மாவிடம் காலையெல்லாம் பேசினீர்களாம். முடிவும் வந்துவிட்டதாம், ஆட்டிசம்தானாம், திங்கட்கிழமையிலிருந்து மறுபடி கிரேனாம். நான் கேட்காததால் சொல்லவில்லையாம். போனில் நீங்கள் அழுதது அவருக்கு ஜலதோஷமாகப் பட்டிருக்கிறது, வெந்நீர் குடிக்கச் சொன்னாராம். “அவங்க கோபமா இருந்தாங்களே, எப்படித் துணிஞ்சு பேசினீங்க?” என்றேன்.

“யார் மேல?” என்றார்.

அண்ணி, இத்தனை காலம் நீங்கள் அவரோடு பேசாமல் இருந்தது அவருக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.