பச்சைப் பை அம்மாவுக்கு இன்னும் பஸ் வரவில்லை

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நான், இரண்டு நாற்காலிகள், ஒரு கம்ப்யூட்டர், நால்வரும் சௌக்கியம். அங்கே நீயும், உன் இன்ஷூரன்ஸ் ஆபீசும், ஆபீஸ் நேரத்தில் நீ பார்க்கும் மற்ற வேலைகளும் குறைவில்லாமல் நடக்க வேண்டும். மெயிலுக்கு மெயிலிலேயே பதில் போடலாமே என்பாய். நான் ஒற்றை விரலால் தட்டி முடிப்பதற்குள் உன் அடுத்த சனிக்கிழமை மெயில் வந்துவிடும். அதனால் பேனா.

முதலில் முக்கியமான விஷயம். பேரனைப் பார்த்துக்கொள்ள மூன்றே மாதம் என்று மகன் வீட்டுக்குப் போன உன் அக்கா, போய்ப் பதினாறு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில், "இன்னும் ஒரு வருஷம் இருங்கன்னு கேக்கறாங்க. இருக்கட்டுமா?" என்றாள். "தாராளமா இரு. எனக்கென்ன?" என்றேன். "உங்களுக்குக் கஷ்டம் ஒண்ணும் இல்லையே?" என்றாள். "ஒண்ணும் இல்லை" என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டாள். வருகிற ஞாயிறு அவள் மகனுக்கு முடிவு சொல்ல வேண்டுமாம். அதற்குள் நீ அவளோடு பேசி, அத்தானுக்குப் பூரண சம்மதம், மனுஷன் ராஜா மாதிரி இருக்கிறார் என்று சொல்லிவிடு. நானே சொல்லலாம் என்று தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போன் போட்டுப் பார்க்கிறேன். ஐந்தரை வரை எங்கேஜ்டு. அங்கே அவளுக்குப் பேச்சுத் துணை நிறைய சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. நல்லதுதான்.

நான் ராஜா மாதிரி இருப்பதற்கு நீதான் காரணம். சனிக்கிழமை தோறும் இன்டர்நெட்டில் கிடக்கும் விசித்திரங்களையெல்லாம் பொறுக்கியெடுத்துச் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்புகிறாய். உன் அக்காவுக்கும்கூட அனுப்புகிறாய், பேரன் பின்னால் ஓடவே நேரம் இல்லாதவள் அதை எங்கே பார்க்கப் போகிறாள். யாருமே படிப்பதில்லை, அடுத்த மாதத்தோடு நிறுத்திவிடுகிறேன் என்று போன வாரம் அலுத்துக்கொண்டாயே, நான் ஒருவன் படிக்கிறேன் ஐயா! அத்தாட்சி வேண்டுமா? சிவப்புப் பொத்தான் ஒன்று மட்டும் இருந்த பக்கம் அனுப்பினாய் அல்லவா, 'இதை அழுத்தக் கூடாது' என்று போட்டு? நான் அழுத்தவில்லை. நான்கு மாதமாகத் தினம் ஒரு தடவை போய்ப் பார்த்து, அழுத்தாமல் திரும்பி வருகிறேன். முப்பத்திரண்டு வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவனிடம் கூடாது என்றால் கூடாதுதான். அழுத்தினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரிந்திருந்தால் தயவுசெய்து சொல்லாதே.

பிறகு அந்த அழைப்புமணிப் பக்கம். உலகத்து வீடுகளின் வாசல் மணிகளை ஒருவர் பதிவு செய்து வைத்திருந்தாரே, அறுபத்து நான்கு மணிகள், நான் ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்து வரிசையாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன், கீழ் வீட்டுத் தையல்காரர் பாவம் தன் வீட்டுக்குத்தான் யாரோ தைத்த துணி வாங்க வந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு மணிக்கும் எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கிறார், பதினேழாவது மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் கழுத்தில் டேப்போடு படியேறி வந்து, "சார், உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார். இரண்டு மாதத்தில் என் வீட்டுக்குள் வந்த முதல் மனிதர் அவர். உட்காருங்க, டீ போடறேன் என்றேன். உட்கார்ந்தார். அரை மணி நேரம் பேசினோம். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா! மறுநாளும் அதே நேரத்துக்குப் பதினேழு மணிகளையும் போட்டேன். அவர் வரவில்லை. இப்போது நிஜமாகவே மணி அடித்தாலும் கதவைத் திறப்பதில்லையாம், வாடிக்கையாளர்கள் தெருவில் நின்று கத்துகிறார்கள். படியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இதெல்லாம் கிடக்கட்டும். நீ அனுப்பியதிலேயே எனக்கு உயிர், அந்த பஸ் ஸ்டாப் பக்கம். எந்த தேசமோ, எவரோ, தன் ஜன்னலில் கேமராவைக் கட்டி எதிரிலிருக்கும் பஸ் ஸ்டாப்பை இரண்டு நிமிடத்துக்கு ஒரு படமாகப் போடுகிறார். இங்கே சாயங்காலம் ஆனால் அங்கே காலை. நான் சும்மா பார்க்கவில்லை. ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டு, வண்டி வரும் நேரம், கிளம்பும் நேரம், தாமதம், ஏறியவர் எத்தனை பேர் என்று எழுதி வருகிறேன். சிவப்பு வண்டி ஒழுங்கு. நீல வண்டி எப்போதும் ஆறு நிமிடம் லேட். என்னிடம் வேலை பார்த்திருந்தால் அந்த டிரைவர் மெமோ வாங்கியே ஓய்ந்திருப்பான். அந்தப் பக்கத்தின் அடியில், இதுவரை எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு எண் ஓடுகிறது. முந்தாநாள் நான் போனபோது 612. நேற்று 614. இன்று 616. நான் தினம் ஒரு முறை, நாலு மணிக்குத்தான் போகிறேன். அப்படியானால் எனக்குப் பிறகு தினமும் இன்னும் ஒரே ஒரு ஆள் வருகிறார். இவ்வளவு பெரிய உலகத்தில் இந்த ஸ்டாப்புக்கு நாங்கள் இரண்டே பேர். முகம் தெரியாவிட்டாலும் அந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது. யார் என்று விசாரிக்க வழி உண்டா?

இந்த நிலையில்தான் போன வாரம் ஒரு அநியாயம். பச்சைப் பையோடு ஒரு அம்மா பஸ்ஸுக்கு நிற்கிறார். திங்கட்கிழமை பார்த்தேன், நிற்கிறார். செவ்வாய் நிற்கிறார். புதன் நிற்கிறார். ஒரு வண்டியும் வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இது என்ன டெப்போ, ஸ்ட்ரைக் என்றால் ஒரு போர்டு எழுதி மாட்டக் கூடாதா, வயதான பொம்பளையை இப்படியா நிற்க வைப்பது? ஒன்பதாவது நாள், என் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்தவரிடம் புலம்பினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், அந்தக் கேமரா நின்னுபோச்சு. இது ஒன்பது நாள் பழைய படம். அந்த அம்மா எப்பவோ வீட்டுக்குப் போயிருப்பாங்க" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. இன்றும் நாலு மணிக்குப் போய்ப் பார்த்தேன். அவரைத் தனியாக நிற்க விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை. உன்னிடம் சொல்வதற்கென்ன, இந்த வீட்டில் சாயங்காலம் மிகவும் நீளம்.

அந்தக் கேமராக்காரருக்கு எப்படித் தகவல் சொல்வது என்று கேட்டதற்கு, "கீழே விசிட்டர்ஸ் புக்னு இருக்கே, அதுல எழுதுங்க" என்றார் பழுது பார்ப்பவர். "அதெப்படி? விசிட்டர்ஸ் புக்ல இன்ஸ்பெக்ஷனுக்கு வர்ற அதிகாரிதானே எழுதணும்?" என்றேன். டெப்போவில் அந்த நோட்டை நாங்கள் தொட்டுத் துடைப்போமே தவிர, திறந்ததில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டு, "சார், இதுல யார் வேணா எழுதலாம், யார் வேணா படிக்கலாம்" என்றார். எழுதத்தான் வேண்டும். இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு எழுதப் போகிறேன்.

ஆகவே என்னைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். அக்காவிடம் என் சம்மதத்தை மறக்காமல் சொல். உன் தொந்தி குறையவும், தலைமுடி இருப்பது இருந்தபடி நிலைக்கவும், உன் சனிக்கிழமை மெயில் நூறாண்டு நிற்காமல் வரவும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: மேலே எழுதியது அத்தனையையும் குறுக்கே கோடு போட்டு அடித்ததாக வைத்துக்கொள். அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். அதில் எழுதியிருப்பது ஒரே ஆள். ஒன்பது நாளாக, தினம் ஒரு வரி. அந்த ஊர் மணியை நம் மணிக்கு மாற்றிக் கணக்குப் போட்டேன், எல்லாமே சாயங்காலம் ஐந்து பத்து. ஆங்கில எழுத்தில் தமிழ். கடைசி வரியை அப்படியே தருகிறேன்: "அந்தப் பச்சைப் பை அம்மாவுக்கு இன்னுமா பஸ் வரலை? யாராவது அவங்களை உக்காரச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் டைம் கீப்பர். அவர் கண்ணுல பட்டா இப்படி விடமாட்டார். அவருக்குத்தான் நான் இல்லாம ஒரு கஷ்டமும் இல்லையாம்."

ஐந்தரை வரை போன் எங்கேஜ்டாக இருந்தது பேச்சுத் துணையால் இல்லை, அதே லைனில் அவள் இன்டர்நெட் பார்த்ததால். உன் அக்காவிடம் சம்மதம் கிம்மதம் என்று வாயைத் திறந்தாயோ, தெரியும் சேதி. காலை ரயிலில் கிளம்புகிறேன். அவள் என்னோடு வருவாளோ, நான் அங்கேயே இருப்பேனோ, அதைப் போய்ப் பேசிக்கொள்கிறோம். படம் நின்றுபோனதையும் நானே நேரில் சொல்கிறேன், நீ முந்தாதே. அவள் வரிக்குக் கீழே நானும் எழுதிவிட்டேன், ஒற்றை விரலால், முக்கால் மணி நேரம் ஆயிற்று: "டைம் கீப்பர் பார்த்துவிட்டார். கஷ்டம் இருக்கிறது. வண்டி பதினாறு மாதம் லேட், தப்பு டைம் கீப்பருடையது. நாளை ஐந்து பத்துக்கு இதைப் படித்ததும் வாசலில் நிற்கவும்."