எதுக்கும் இன்னொரு கை

விவசாயிகளில் ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பயிரே வாய் திறந்து போதும் என்று சொன்னாலும், கூச்சப்படுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு கை யூரியாவை அள்ளி வீசுகிற இனம். கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்" என்பார்கள். எதுக்கு? அதுதான் அவர்களுக்கே தெரியாது.

நம் தாராளம் இந்த இனத்தில் முதல் தரம். தாராளம் என்பது ஊரார் வைத்த பெயர். காலையில் வரப்பில் நின்றுகொண்டு அவர் பார்ப்பது தன் மக்காச்சோளத்தை அல்ல, பக்கத்து வயல்காரர் மக்காச்சோளத்தை. அது ஒரு இம்மி கூடுதல் பச்சையாகத் தெரிந்துவிட்டால் போதும், வயிறு எரியும், மூட்டை பிரியும், கை வீசும், கையோடு மோட்டாரும் ஓட ஆரம்பிக்கும். உரம் வேருக்கு இறங்க வேண்டாமா? மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்து வருவார். அதற்குள் தண்ணீர் பாதைக்கு வழிந்து, சைக்கிளில் போகிறவர்கள் எல்லாம் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். உரம் வேருக்கு இறங்கியது நிஜம்தான். அங்கே நிற்காமல் மேலும் இறங்கி, வயலோரத்துக் கிணற்றுக்கே போய்ச் சேர்ந்ததுதான் வம்பு. வீட்டுக்குக் குடிதண்ணீரும் அதே கிணறுதான்.

விவசாய அதிகாரியம்மா வந்து பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்துப் போடச் சொன்னார். மண்ணைத் தோண்டிப் பிடித்துப் பார்த்து, ஈரம் இருந்தால் மோட்டார் பக்கமே போக வேண்டாம் என்றார். தாராளம் தலையைத் தலையை ஆட்டினார். பெரிய படிப்பு படித்தவர் சொல்லும்போது தட்டலாமா? முதலில் தன் வழக்கப்படி மொத்தத்தையும் போட்டார். அப்புறம் அதிகாரியம்மா சொன்ன மூன்று தவணையையும் அதன் மேலே போட்டார். அவர் பேச்சையும் தட்டவில்லை, தன் வழக்கத்தையும் விடவில்லை என்று வீட்டில் பெருமை வேறு.

அந்தச் சமயத்தில்தான் மூன்று வருஷம் கழித்து மகள் வந்தாள், இரண்டு மாதப் பேத்தியோடு. அடடா, மனிதரைப் பார்க்க வேண்டுமே. சாதாரணமாகச் சிரிக்கவே யோசிக்கிறவர், தரையில் தவழ்ந்து தவழ்ந்து கிலுகிலுப்பை ஆட்டினார். மாதம் முழுக்க இருந்துவிட்டுப் போகச் சொல்லி மகளிடம் கெஞ்சினார்.

குழந்தையை எடை பார்க்க வந்த நர்ஸ், பால்பவுடர் கலக்குகிற தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துப் போனார். நாலாம் நாள் திரும்பி வந்தார். தண்ணீரில் யூரியாவிலிருந்து இறங்குகிற நைட்ரேட் அளவுக்கு மேலே இருக்கிறது, சின்னக் குழந்தைக்கு ஆகவே ஆகாது, ரத்தத்தில் மூச்சுக்காற்று சேராமல் உடம்பு நீலம் பாரித்துவிடும் என்றார். நல்லவேளை, இன்னும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

தாராளம் அவசரமாகக் குறுக்கிட்டார். "கொதிக்க வச்சுக் குடுத்தா?" என்றார்.

"தண்ணிதான் சுண்டும், நைட்ரேட் சுண்டாதுங்க. இன்னும் மோசம்."

"ரெண்டு தடவை கொதிக்க வச்சா?"

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே மகள் பெட்டியைத் திறந்து துணி அடுக்க ஆரம்பித்தாள்.

"உங்க மேல கோபமில்லப்பா. இந்தத் தண்ணிய வச்சுக்கிட்டு இவளை எப்படி இங்க வச்சிருப்பேன், சொல்லுங்க."

தாராளம் அதிகாரியம்மாவிடம் ஓடினார். இன்றைக்கே கையைக் குறைத்தாலும் கிணறு தெளியச் சில வருஷம் பிடிக்கும், பேத்தி பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகலாம் என்றார் அந்தம்மா. திரும்பி வருகிற வழியெல்லாம் மனிதருக்குக் கண் கலங்கியது. நேரே வயலுக்குப் போனார், மண்ணைத் தோண்டினார், ஒரு பிடி எடுத்து அழுத்தினார். ஈரமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மோட்டாரைப் போடாமல் வீட்டுக்கு நடந்தார். பக்கத்து வயல்காரர் பதறிப்போய், "என்னண்ணே, மோட்டார் ரிப்பேரா?" என்று விசாரித்தார்.

மறுநாள் காலையில் மகள் கிளம்பி வாசலுக்கு வந்தால், நடக்க வழியில்லை. பரிசோதித்த நல்ல தண்ணீர் வேண்டும் என்று டவுனுக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார் தாராளம். குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்கூடச் செலவாகாது. வாசலில் இறங்கியிருந்தது பதினெட்டு கேன். மகள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். அப்புறம் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. நமக்கு ஏது வயல், ஏது கிணறு என்கிற தைரியம். இருக்கட்டும், எழுந்து ஒரு நடை பால்கனிக்குப் போய், ரோஜாத் தொட்டிக்கு அடியில் வைத்திருக்கிற தட்டைக் கொஞ்சம் பாருங்கள். நிறையத் தண்ணீர் நிற்கிறதல்லவா? நேற்றும் ஊற்றினீர்கள், இன்றும் ஊற்றினீர்கள்.

செடி கேட்டதா?