ஆணி அடிக்காதவர்

வாடகைக்கு இருப்பவர்கள் ஓர் இனம், சொந்த வீட்டுக்காரர்கள் இன்னோர் இனம், மனிதர்கள் இவ்வளவுதான் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? தப்பு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. வாடகை கொடுத்துக்கொண்டே வாடகையைத் திட்டி, வீடு பார்த்துக்கொண்டே வீட்டை வாங்காமல், இந்த ஊருக்கு வந்து சேர்ந்து தலை நரைத்த பிறகும் இன்னும் வந்து சேராதவரைப் போல நின்றுகொண்டிருக்கும் இனம் அது. என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்பார். பெயரும் அதுவேதான்: யோசித்துக்கொண்டிருப்பவர்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இந்த இனம் ஈசலாய்ப் பெருகிக் கிடக்கிறது. திருச்சியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தொழிற்சாலை வேலைக்கு மாற்றலாகி வருகிறவர்களுக்கு, லாரியிலிருந்து கட்டில் இறங்குவதற்கு முன்பே இந்தக் கேள்வி இறங்கிவிடுகிறது: வாடகையா, சொந்தமா? கட்டிலை எங்கே போடுவது என்பதை அரை நாளில் முடிவு செய்துவிடலாம். கேள்வியை எங்கே போடுவது?

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அவர் வாடகைக் கட்சி. "வாடகைங்கறது சுதந்திரம் தம்பி. பிடிக்கலியா, மூட்டையைக் கட்டு, கிளம்பு." வியாழக்கிழமை சொந்தக் கட்சி. "வாடகைங்கறது என்ன தம்பி? அடுத்தவன் சுவத்துக்கு நாம சுண்ணாம்பு அடிக்கிறது." வெள்ளிக்கிழமை இரண்டு கட்சிக்கும் நடுவர். சனிக்கிழமை மௌனம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தலைக்கு எண்ணெய் தேய்க்கக்கூட நேரமில்லாமல் வேனில் ஏறி மனை பார்க்கப் போய்விடுவார்.

ஏதோ கேள்விப்பட்டதை வைத்து நான் எழுதுவதாக எண்ண வேண்டாம். எங்கள் கிராமத்தில் முதல் பட்டதாரி நான், பி.ஏ. பொருளாதாரம். கறுப்பு அங்கி போட்டு, சுருட்டிய பட்டத்தைக் கையில் பிடித்து எடுத்த படம்கூட இருக்கிறது. பெரிய அளவு, சட்டம் போட்டது. டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது, எடுக்கும்போது காட்டுகிறேன். ஆராயாமல் எதையும் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை என்பதற்காகச் சொன்னேன். அதோடு, இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி ஆவடியை ஒட்டிய பட்டாபிராமில் என் பக்கத்துப் போர்ஷனில்தான் குடியிருந்தார். அந்த வீட்டுக்கு நான் வந்தது தற்காலிகமாகத்தான். அது வேறு கதை.

அவர் பெயர் சண்முகசுந்தரம். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவர். தெருவுக்கு ஒரு டி.வி. இருந்த காலத்தில் வந்தார்; அன்று அந்த டி.வி.யை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த பையன்களுக்கு மீசை முளைத்து, அவர்களே வீட்டுக்கு வீடு கேபிள் ஒயர் இழுத்துக் காசு வசூலிக்கும் காலம் வந்துவிட்டது. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். யோசித்து முடியும் வரை மூட்டை பிரிக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. முடிவு எடுத்தவுடன் மறுபடி கட்ட வேண்டுமே! ஆகையால் பீரோவைச் சுற்றிக் கட்டிய கயிறு அப்படியே இருந்தது. கதவு திறக்கும் அளவுக்கு மட்டும் தளர்த்தியிருந்தார். கட்டில் கால்களில் கோணிச் சாக்கு உறை போட்டிருந்தது. விருந்தாளிகள் உட்காருவது ஒரு பெரிய மரப்பெட்டியின் மேல். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

"பாத்திரம்னு நினைக்கிறேன்" என்பார் அவர்.

"பாத்திரமா இருந்தா நான் தேடியிருக்க மாட்டேனா?" என்பார் அவர் மனைவி வரலட்சுமி.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்கச் சிப்பாய்களுக்குப் பொத்தான் தைத்துவிட்டு, மாலையில் வந்து கணவர் வாயில் பொத்தான் இல்லாததைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் கேட்டது மாளிகை இல்லை. ஓர் ஆணி.

ஆமாம், ஆணி. கல்யாணப் படம் ஒன்று, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஊரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அதைச் சுவரில் மாட்ட வேண்டும். ஆனால் வீட்டுக்காரர் கோதண்டம் முதல் நாளே நிபந்தனை போட்டுவிட்டார். கோதண்டம் உள்ளூர்க்காரர். ஒரு காலத்தில் அந்த இடத்தில் நெல் விளைவித்தவர். இப்போது போர்ஷன் கட்டி, மாதா மாதம் முதல் தேதி அறுவடை. "தண்ணி எத்தினி வோணாலும் எட்த்துக்கோ சார். ஒறவுக்காரங்க வரட்டும், போவட்டும், நான் இன்னான்னு கேக்க மாட்டேன். ஆனா சொவுத்துல ஆணி மட்டும் அடிச்சிராத. சொவுரு இல்ல சார் அது, என் ஒடம்பு."

முதல் தேதி வந்தால் வாடகையை வாங்கிக்கொண்டு, சட்டைப் பைக்குள் வைப்பதற்கு முன் சுவரைத்தான் பார்ப்பார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி உண்டு. "இது ராணி அடிச்சது. உனுக்கு முன்னால இருந்தவ. எனுக்குத் தெரியாம அடிச்சிட்டா" என்று ஒவ்வொரு மாதமும் அதைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். சண்முகசுந்தரத்தின் காலண்டர் தொங்குவது அந்த ராணி ஆணியில்தான்.

"அவரை ஒரு வார்த்தை கேளுங்களேன். ஒரே ஒரு ஆணி."

"இதோ பாரு, நாளைக்கே காலி பண்ணப் போறோம். அடுத்தவன் சுவத்துல ஆணி எதுக்கு? நம்ம சொந்த வீட்டுல அடி, எத்தனை வேணுமோ அடி."

"அந்தக் காலண்டரை எடுத்துட்டு அதுல மாட்டட்டுமா?"

"காலண்டர் இல்லாம எப்படி முடிவு எடுக்கறது?"

ஆகவே கல்யாணப் படம் மரப்பெட்டி மேல் சுவரில் சாய்ந்திருந்தது. பெருக்கும்போது கட்டிலுக்குப் போகும். கட்டிலில் படுக்கும்போது பெட்டிக்குத் திரும்பும். பெட்டியில் விருந்தாளி உட்கார்ந்தால் படம் விருந்தாளியின் மடியில் இருக்கும். புதிதாக வருகிறவர்கள், தங்களிடம் எதற்கு இதைக் கொடுத்தார்கள் என்று தெரியாமல், பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காப்பி குடிப்பார்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மனை விற்கும் தேவராஜ் என்பவர் ஆவடி பஸ் நிலையத்திலிருந்து இலவச வேன் விடுவார். போகும்போது பூரி கிழங்கு, வரும்போது எலுமிச்சஞ்சாதப் பொட்டலம். சண்முகசுந்தரத்துக்கு அதில் ஜன்னலோர இருக்கை நிரந்தரம். அவர் வாழ்க்கையில் நிரந்தரமாக இருந்தது அது ஒன்றுதான். கையில் திசைகாட்டி, கிணற்றுத் தண்ணீர் பிடிக்க ஒரு பாட்டில். மண்ணை எடுத்துக் கசக்கி முகர்ந்து பார்ப்பார். தண்ணீரைக் குடித்துவிட்டு வானத்தைப் பார்ப்பார். ஒருமுறை, திருநின்றவூருக்கு அப்பால் ஒரு மனையில், படுக்கையறை வரப்போகும் இடத்தைக் காலடியால் அளந்து, காற்று வருகிறதா என்று பார்ப்பதற்காகத் துண்டை விரித்துப் படுத்தார். வந்தது. நல்ல காற்று. கண் விழித்தபோது வேனைக் காணோம். வெயிலில் நடந்தே ஸ்டேஷன் வந்து சேர்ந்து, மறுநாள் என்னிடம் தீர்ப்புச் சொன்னார்: "ஸ்டேஷன் நடக்கிற தூரம்னு தேவராஜ் சொல்றது பொய் தம்பி. நடந்து பார்த்துட்டேன்."

எந்த ஊர்தான் அவருக்குப் பொருந்தியது? அம்பத்தூர், எஸ்டேட் புகை. பூந்தமல்லி, பஸ் சத்தம். வானகரத்தில் நரிகூடக் குடியிருக்காது என்றார். அங்கே பைபாஸ் சாலைக்குக் கல் நட்டதும், இனிமேல் நரியால் வாங்க முடியாது என்றார். ஆவடியைத் தள்ளியதற்கு அவர் சொன்ன காரணத்தை என் பட்டப்படிப்பில் எந்தப் பாடத்திலும் நான் கண்டதில்லை: "டாங்கி செய்யற ஊரு தம்பி. சண்டை வந்தா முதல் குண்டு இங்கதான். சொந்த வீடுன்னா நஷ்டம் நமக்கு. வாடகை வீடுன்னா நஷ்டம் கோதண்டத்துக்கு."

குண்டு விழும்போது இவர் வீட்டுக்குள் இருப்பாரே? அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்படியே போயிருக்கும். கோதண்டம் தம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயித்தார்.

"சார், பொண்ணுக்குக் கண்ணாலம் வச்சிகீறேன். இந்த ஊட்டக் குடுத்துரலாம்னு கீறேன்" என்று முதல் தேதியல்லாத ஒரு நாளில் வந்து நின்றார். "பூந்தமல்லியில ஒரு மண்டிக்காரரு கேக்குறாரு. ஆனா ஆளுங்களக் காலி பண்ணிட்டுத்தான் குடுக்கணுமாம். எனுக்கு மனசு வர்ல. இத்தினி வருசத்துல ஒரு ஆணி அடிக்கல நீ. உன்ன மாரி ஒரு மனுசன் எங்க கெடைப்பான்? நீயே எட்த்துக்கோ."

உள்ளே வரலட்சுமி கரண்டியைக் கீழே வைத்த சத்தம் என் போர்ஷன் வரை கேட்டது.

"திடீர்னு கேட்டா எப்படிங்க? யோசிக்கணுமே!" என்றார் சண்முகசுந்தரம்.

"இன்னாத்த யோசிக்கப் போற? நீ குடிகீற ஊடு சார் இது!"

யோசித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வேனுக்குப் போகவில்லை. அதற்குப் பதில், இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, திசைகாட்டியும் பாட்டிலும் எடுத்துக்கொண்டு, தன் வீட்டு வாசலைத் தாண்டித் தெருமுனை வரை போய், திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த வீட்டை முதல் தடவையாகப் பார்க்கிறவரைப் போல உள்ளே நுழைந்தார். "அம்மா, கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?" என்று பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டார். என் காதால் கேட்டேன். அறை அறையாகத் தட்டினார். கூடத்தில் துண்டு விரித்துப் படுத்தார். கடைசியில் கிணற்றடிக்கு வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"லேசா உப்புக் கரிக்குதே, கோதண்டம்."

"அடப்பாவி மனுசா, இம்மா வருசமா இதத்தானே குடிச்சிகினு கீற?"

"குடிக்கிறது வேற. வாங்கறது வேற."

ரயில் சத்தம் அதிகம் என்றார். இத்தனை நாள் கேட்கவில்லையா என்றதற்கு, வாடகைக்கு இருப்பவன் காதில் அது விழாது என்றார். பிறகு என்னிடம் வந்தார். "தம்பி, நீங்க பொருளாதாரம் படிச்சவரு. சொல்லுங்க." நான் விட்டுவிடுவேனா? ஒரு கோணத்தில் வாங்கலாம் என்றேன். இன்னொரு கோணத்தில் வட்டி இருக்கிறது என்றேன். நீண்ட கால நோக்கு ஒன்று, குறுகிய கால நோக்கு ஒன்று என்று விளக்கினேன். பொழுது சாயும் வரை பேசினோம். பேசி முடித்தபோது, வாங்குவதா வேண்டாமா என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் எங்களுக்கு நல்ல தெளிவு ஏற்பட்டிருந்தது.

சண்முகசுந்தரம் கோதண்டத்திடம் ஒரு வாரம் தவணை கேட்டார். அப்புறம் இன்னொரு வாரம். மண்டிக்காரர் ஒருநாள் வந்து, சுவரை எங்கே இடிக்கலாம் என்று குச்சியால் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். வரலட்சுமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் தொழிற்சாலைக்கு லீவு போட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் சில நாள் லீவு போட்டார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் வேன் வழக்கம்போல ஓடியது. அப்படி ஒரு ஞாயிறு, கையில் எலுமிச்சஞ்சாதப் பொட்டலத்தோடு சண்முகசுந்தரம் தெருமுனை திரும்பும்போது, வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டொக். டொக். டொக்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினார். என் போர்ஷன் வாசலில் நின்ற நானும் பின்னால் ஓடினேன். மரப்பெட்டியின் கயிறு அறுந்து, மூடி திறந்து கிடந்தது. உள்ளே இருந்தது பாத்திரமல்ல. ஒரு சுத்தியல், ஒரு டப்பா நிறைய ஆணி, துணி காயப்போடும் கொடிக் கயிறு, வாசலில் மாட்டும் மாவிலைத் தோரணம்: ஒரு வீட்டுக்குக் குடிபோன அன்றே தேவைப்படும் சாமான்கள் அத்தனையும். கூடத்துச் சுவருக்கு நட்டநடுவில், ஸ்டூல் மேல் ஏறி நின்று, சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தார் வரலட்சுமி.

"அய்யய்யோ! என்ன காரியம் பண்றே? கோதண்டம் பாத்தா காலி பண்ணச் சொல்லிடுவாரு! ஓனர்கிட்டக் கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அடிச்சுக்கோன்னாங்க."

"கோதண்டமா?"

"அவரு எதுக்குங்க சொல்லணும்? பத்திரம் பதிஞ்சு நாலு நாளாச்சு." கடைசி அடியை அடித்துவிட்டுத்தான் திரும்பினார். "என் ஆபீஸ் லோன்ல, என் பேருக்கு. நீங்க யோசிச்சுக்கிட்டிருந்தீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்."

சண்முகசுந்தரம் வழக்கப்படி மரப்பெட்டி மேல் உட்காரப் போனார். மூடி இல்லாததால் உள்ளே போய்விட்டார். நானும் கோதண்டமுமாகத்தான் தூக்கினோம். சத்தம் கேட்டு அவரும் வந்திருந்தார். ஆணியைப் பார்த்ததும் கண் கலங்கி, பழக்க தோஷத்தில், "அடிச்சிட்டியாம்மா?" என்றவர், படம் நேராகத் தொங்குகிறதா என்று தள்ளி நின்று பார்த்துச் சொன்னார்: "எடது பக்கம் கொஞ்சம் ஏத்து."

அதோடு சண்முகசுந்தரம் மாறிவிட்டார் என்று நினைத்தால் இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. வீடு வாங்கியது வரலட்சுமி, அவர் இல்லை. அவருடைய கேள்வி அப்படியே பத்திரமாக இருக்கிறது. இப்போது முதல் தேதியானால் வாடகையை மனைவி கையில் கொடுக்கிறார். "நல்ல ஓனர் அமைஞ்சா வாடகைதான் தம்பி லாபம்" என்கிறார் திங்கட்கிழமை. வியாழக்கிழமை குரலைத் தாழ்த்தி, "ஓனரம்மா கொஞ்சம் கண்டிப்பு. சீக்கிரம் சொந்தமா ஒண்ணு பாத்துக்கணும்" என்கிறார். தேவராஜின் வேனில் அவர் ஜன்னலோரம் இன்னும் காலியாகவில்லை.

போன வாரம், இப்போது எனக்கும் ஓனராகிவிட்ட வரலட்சுமியக்கா என் போர்ஷன் வாசலில் சுத்தியலோடு வந்து நின்றார். "தம்பி, பட்டம் வாங்கின படம் இருக்குன்னு வந்த நாள்லேருந்து சொல்றீங்களே, எங்க அது? கொண்டாங்க, ஆணி அடிச்சுத் தரேன்."

"இருக்கட்டும்க்கா" என்றேன். "எப்படியும் ரெண்டு மாசத்துல ஒரு முடிவு எடுத்துடுவேன்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். என் விஷயம் வேறு என்று அவருக்கு எப்படி விளக்குவது? நான் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கவலை உங்களைப் பற்றித்தான். இதைப் படித்து முடித்ததும் எழுந்து உங்கள் காலண்டரைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். அந்த ஆணி யார் அடித்தது?