காத்தமுத்துவின் கடின உழைப்பு

ஒரு காட்டில், புல் அடர்ந்த மலைச்சரிவில், வெட்டுக்கிளிகள் கூட்டமாக வாழ்ந்துவந்தன. அநேகமாக எல்லாம் பச்சை. எப்போதாவது ஒன்று கருப்பாகப் பிறக்கும். புல்லுக்கு நடுவில் அது பளிச்சென்று தெரிவதால் மைனாக்கள் சீக்கிரமே கொத்திப் போய்விடும். காத்தமுத்து கருப்பு. பாறை இடுக்கில் ஒளிந்து ஒளிந்து வளர்ந்தவன்.

பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம், "பையன் தங்கமான குணம்தான், நிறம்தான் கொஞ்சம்..." என்று இழுத்தார்கள். அவன் அம்மா அழுது ஓய்ந்து, பச்சோந்தி மாஸ்டரின் நிறமாற்றப் பயிற்சி வகுப்பில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

"மனசு வச்சா மாறாத நிறமே கிடையாது. என்னைப் பாருங்க!" என்று மாஸ்டர் பச்சையாகி, பழுப்பாகி, மஞ்சளாகிக் காட்டினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

காத்தமுத்து பல்லைக் கடித்தான், மூச்சை அடக்கினான், தளிராகத் தேடித் தின்றான். கருப்பு துளியும் குறையவில்லை. கூடப் பயிற்சிக்கு வந்த தங்கராசு பிறவியிலேயே இளம்பச்சை. முதல் பரிசை அவனுக்குக் கொடுத்தார்கள். ஆனாலும் அவன் நல்லவன்.

"விடுடா, நிறத்துல என்ன இருக்கு?" என்று பரிசாக வந்த இலையில் பாதியைப் பிய்த்துக் காத்தமுத்துவிடம் நீட்டினான்.

அந்தக் கோடையில் சரிவு தீப்பிடித்தது. எல்லோரும் பாறைக்குப் பறந்து தப்பினார்கள். தீ அணைந்து திரும்பி வந்தால், புல் இருந்த இடமெல்லாம் கரி. கரியின்மேல் பச்சைப்பசேலென்று வெட்டுக்கிளிகள்.

மைனாக்கள் வந்திறங்கின.

"மாறுங்க! முயற்சி பண்ணுங்க!" என்று கரிந்த கிளையில் கரிநிறமாக உட்கார்ந்தபடி மாஸ்டர் கத்தினார்.

"நான் முதல் பரிசு வாங்கினவன்!" என்று அலறினான் தங்கராசு.

"ரொம்ப சந்தோஷம் தம்பி" என்ற மைனா அவனை விழுங்கியது. பக்கத்திலேயே கிடந்த காத்தமுத்துவை அது பார்க்கவே இல்லை. "யார் மேலயும் நமக்குப் பகை கிடையாது. கண்ணுல பட்டதைத் திங்கிறோம்" என்று கூட வந்த மைனாவிடம் சொல்லிவிட்டுப் பறந்தது.

காத்தமுத்து நண்பனுக்காக அழுதான். ஆனால் அழ நேரம் கிடைக்கவில்லை. பெண் வீட்டார் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். "நிறம்னா இதுல்ல நிறம்!" கல்யாணம் ஆயிற்று. பிள்ளைகள் பாதிக்குமேல் கருப்பு. பேரப்பிள்ளைகள் காலத்தில் சரிவில் எல்லோருமே கருப்பு. கோடைதோறும் தீ வந்ததால் தரையும் கரியாகவே இருந்தது.

"எல்லோரும் எப்படி மாறிட்டாங்க பாத்தீங்களா? என் பயிற்சி!" என்றார் மாஸ்டர். யாரும் மாறவில்லை. பச்சையாக இருந்தவர்கள் பிள்ளை பெறுவதற்குள் மைனாவின் வயிற்றுக்குப் போயிருந்தார்கள், அவ்வளவுதான்.

காத்தமுத்துவுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். மைக்கை நீட்டி, "உங்கள் வெற்றியின் ரகசியம்?" என்று கேட்டார்கள்.

"ரகசியமெல்லாம் இல்லீங்க. பிறக்கும்போதே இப்படித்தான். தீயும் நான் வச்சதில்ல..."

கூட்டம் கொட்டாவி விட்டது. சிலர் எழுந்தார்கள். முன்வரிசையில் இருந்த அவன் பேத்தி பூவாயி வெட்கத்தில் தலை குனிந்தாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"...ஆனா தினமும் விடியறதுக்கு முன்னாடி எழுந்துடுவேன். தாவிக் குதிச்சு உடற்பயிற்சி பண்ணுவேன். அதுதான் என்னைக் காப்பாத்துச்சு!"

கைதட்டல் காட்டை உலுக்கியது. பூவாயி நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் இருட்டோடு இருட்டாகச் சரிவே எழுந்துவிட்டது. அசையாமல் கிடந்திருந்தால் கரியோடு கரியாக இருந்திருப்பார்கள். எல்லோரும் குதித்தார்கள். மைனாக்களும் விடியலில்தான் இரை தேடும்.

வெயில் நன்றாக ஏறியபின் காத்தமுத்து கண்விழித்தான். என்றைக்கும் அவன் எழும் நேரம் அதுதான். சரிவில் ஒரு சத்தமும் இல்லை. "பூவாயி" என்று கூப்பிட்டான். இன்னொரு முறையும் கூப்பிட்டான்.

நீதி: ஜெயித்தவர் சொல்லும் வழியை அப்படியே பின்பற்றுங்கள். பின்பற்றிச் செத்தவர்கள் யாரும் இதுவரை புகார் சொன்னதில்லை.