ஆறினால் தூங்கிவிடும் நானோ

தமிழ்செல்வி கடைசியாக நிம்மதியாகத் தின்றது, ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே விற்ற மிளகாய் பஜ்ஜி. நான்கு தின்றுவிட்டு, "காரமே இல்ல. மிளகாயை மாவுக்குக் காட்டிட்டுத் திருப்பி எடுத்துட்டாங்க போல" என்றாள். அடுத்த வாரம் எச்சில் விழுங்க வலித்தது. இரண்டு மாதத்தில், தொண்டையில் புற்றுநோய் என்று பெங்களூரு மருத்துவமனையில் சொன்னார்கள். முப்பத்து மூன்று நாள் கதிர்சிகிச்சை என்றார்கள்.

அவள் என் மனைவி. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் போல்ட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவள். நான் பூபதி, அதே சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பிறகு நடந்த கூத்துக்கு முழுப் பொறுப்பு நான்தான்.

செய்தித்தாளில் ஏதோ படித்துவிட்டு, கதிர்சிகிச்சை மருத்துவர் அருணாவிடம் நானோ தங்கத்தைப் பற்றிக் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்.

"தங்கம் மாதிரி சில உலோகங்களோட நுண்துகளைக் கட்டிக்குள்ள வெச்சு, அது மேல கதிர் பாய்ச்சினா, அந்த இடத்துல அடி பலமா விழும். அதுல சாகற புற்று செல்லைப் பாத்து, நம்ம எதிர்ப்பு சக்தியும் எதிரியை அடையாளம் கண்டுக்கலாம். ஆராய்ச்சி நடக்குது சார். உங்க வீட்டம்மாவுக்கு இப்ப இருக்கறது இந்த முப்பத்து மூணு நாள்தான். ஒரு நாளும் விட்டுடாதீங்க."

என் காதில் ஏறியவை மூன்று சொற்கள்: தங்கம், நானோ, எதிர்ப்பு சக்தி. மற்றவையெல்லாம் ஓசூர் திரும்பும் வழியில் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியிலேயே இறங்கிப் போய்விட்டன.

இந்த மூன்று சொற்களை மட்டும் மூலதனமாக வைத்து ஒருவர் கடை போட்டிருந்தார். நானோ சித்தர் குருமூர்த்தி. முன்பு வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி பழுது பார்த்தவர். இப்போது பாகலூர் சாலைக் கல்யாண மண்டபத்தில் அவருக்காக வரிசை, வாசலைத் தாண்டி டயர் கடை வரை நின்றது. தமிழில் தங்கம் என்றார், தெலுங்கில் பங்காரம் என்றார், கன்னடத்தில் சின்னா என்றார். எல்லை ஊரில் மொழிக்கு மொழி சண்டை வரும். ஏமாறுவதில் மட்டும் என்ன ஒற்றுமை!

பதினான்கு நாள் கதிர் முடிந்திருந்த தமிழ்செல்வியை அங்கே கூட்டிப் போனேன்.

வாசலில் அவள் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிக்கொண்டார்கள். முதலில் பானையிலிருந்து துளசித் தண்ணீர். சில்லென்று இருந்தது. பிறகு, "நாக்கை நீட்டு தாயி." துப்பாக்கி போல ஒரு பொன்னிற நானோ மீட்டரை நாக்குக்கு நேராகப் பிடித்தார். எண்பத்திரண்டு.

"பாத்தீங்களா? உடம்புல நானோ வத்திப் போச்சு!"

அடுத்து, ஆவி பறக்கும் தங்க நானோ நீர் ஒரு தம்ளர். மறுபடி நாக்கு. நூற்றி மூன்று! மண்டபம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

"கதிர் பட்டா உள்ள இருக்கற தங்கம் கருகிடும். இருபத்தோரு நாள் பெங்களூர் பக்கமே தலை வெக்காத" என்றார்.

மருத்துவமனையில் துகள் என்பது கதிருக்கு எடுபிடி. இந்த மனிதர் முதலாளியைத் துரத்திவிட்டு எடுபிடியை மட்டும் விற்றார். அதுவும் தம்ளரில் எடுபிடியும் இல்லை. இது இன்று எனக்குத் தெரிகிறது.

தொண்டை வெந்து போயிருந்த தமிழ்செல்விக்குத் தினமும் பேருந்தில் பெங்களூரு போய்வரத் தெம்பில்லை. "சரி, உங்க ஆசைக்கு" என்றாள்.

நானோ நீர் தொடங்கிப் பதினைந்தாம் நாள். கழுத்துக் கட்டி கொஞ்சம் பெருத்திருந்தது. சூடாக எதுவும் இறங்கவில்லை. மண்டபத்தில் நீர் ஊற்றிய பணிப்பெண்ணிடம் கேட்டாள்: "ஆற வெச்சுக் குடிக்கறேனே?"

"ஐயய்யோ! ஆறினா நானோ தூங்கிடும்க்கா!"

வீடு வரை தமிழ்செல்வி சிரித்துக்கொண்டே வந்தாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு.

"ஏங்க, பச்சத்தண்ணி குடுத்து ஒரு தடவ, சுடுதண்ணி குடுத்து ஒரு தடவ அளக்கறான். அது என்னாத்த காட்டும்?"

நான் வீட்டுப் பூட்டில் சாவியைத் திருகினேன்.

"பதினஞ்சு வருசம் லைன் ஓட்டுறீங்க. போல்ட்டு தப்புன்னா திருப்பி அனுப்பறீங்க. அளக்கற கேஜு சரியான்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

மறுநாள் பௌர்ணமி, கூட்டம் இரட்டிப்பு. அஞ்செட்டியிலிருந்து பெருமாள் என்ற விவசாயி, மனைவி வெங்கடம்மாளோடு வந்திருந்தார். அந்த அம்மாவுக்கு வாயில் புற்று. மறுநாள் தொடங்கவிருந்த கதிரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். அதைக் கேட்டதும் தமிழ்செல்வி வெங்கடம்மாளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். அரை மணி கழித்து இரண்டு பிளாஸ்க்குகளோடு திரும்பினாள். சிவப்பு மூடி, நீல மூடி.

மேடை ஏறினாள். குரல் கரகரத்தது.

"சாமி, ஒண்ணுல உங்க நானோ. இன்னொண்ணுல சும்மா தண்ணி. எது எதுன்னு உங்க மீட்டரே சொல்லட்டும். எங்க கம்பெனில புது கேஜு வந்தா மொதல்ல அதைத்தான் சோதிப்போம்."

"தெய்வத்தைச் சோதிக்கறியா தாயி?"

"தெய்வத்தை இல்ல சாமி, மீட்டரை."

கூட்டத்துக்கு உற்சாகம். "காட்டுங்க சாமி, வாயடைச்சுப் போவட்டும்!" பெருமாளே முன்வந்தார், தீவிர பக்தர். சிவப்பைக் குடித்து நாக்கை நீட்டினார். எழுபத்தாறு. சற்று நேரம் கழித்து நீலம். நூற்றி நான்கு!

"நீலம்தான் நானோ! நீலம்தான்!" மண்டபமே கத்தியது.

குருமூர்த்தியின் நெற்றியில் வியர்வை. சிவப்பு என்றால் மீட்டர் பொய். நீலம் என்றால் இந்தப் பெண் சும்மா விடமாட்டாள். கூட்டத்தைப் பார்த்து, "நீலம்" என்றார்.

"வெங்கடம்மாக்கா, நீங்களே சொல்லுங்க."

வெங்கடம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். "செவப்புல சாமியோட தண்ணி. இங்கதான் வாங்குனோம். கரும்புச்சாறு கடையில ஐஸ் வாங்கிப் போட்டுச்சு இந்தப் பொண்ணு. நீலத்துல கை கழுவற கொழாத்தண்ணி. டீக்கடையில காய்ச்சுச்சு. நான் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தேன்."

தமிழ்செல்வி மீட்டரை வாங்கி, பொன்னிறத் தாளை நகத்தால் கிழித்தாள். உள்ளே வெள்ளை பிளாஸ்டிக்.

கூட்டத்தில் இருந்த, சிப்காட் கம்பெனி வாசல் காவலாளி முனிசாமி எகிறி வந்தார். "அட, இது எங்க கேட்டுல காய்ச்சல் பாக்கற துப்பாக்கி! கொரோனாவுல ரெண்டு வருசம் ஒவ்வொருத்தர் நெத்தியிலயும் நான்தான வெச்சேன்! யோவ், நீங்கெல்லாம் எங்கிட்ட நின்னவங்கதானய்யா!"

நின்றவர்கள்தான். நானும் நின்றவன்தான். பொன்னிறத் தாள் ஒட்டியதும் எங்கள் எவனுக்கும் அடையாளம் தெரியவில்லை.

முனிசாமி அதைக் குருமூர்த்தியின் நெற்றிக்கு நேரே பிடித்தார். "சாமிக்கு நூறு. காய்ச்சலா, நானோவா?"

சாமி சமையலறை வழியாக ஓடினார். பெருமாள் வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ஏங்க, பெங்களூர் பஸ்ஸு காத்தால எத்தினி மணிக்கு?"

மறுநாள் அதே பேருந்தில் நாங்களும் போனோம். அருணா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீதி நாட்களைத் தொடங்கினார், சிலவற்றைக் கூட்டினார். வெங்கடம்மாள் கதிரை முழுதாக முடித்துக்கொண்டு, இப்போது அஞ்செட்டியில் மாடு மேய்க்கிறார். தமிழ்செல்வி அடுத்த ஆடியில் இறந்தாள். அந்தப் பதினாறு நாள் இல்லாதிருந்தால் பிழைத்திருப்பாளா என்று அருணாவிடம் கேட்டேன். "யாராலயும் சொல்ல முடியாது சார்" என்றார். சொல்ல முடியாது என்பதோடுதான் நான் இருக்கிறேன்.

போலீசில் பிடிபட்ட குருமூர்த்தி ஜாமீனில் வந்து, காவேரிப்பட்டினத்தில் குவாண்டம் பார்க்கிறாராம். கூட்டமாம். ஒரு போல்ட்டை உள்ளே விட மூன்று முறை அளக்கிற ஊர்க்காரர்களே, தொண்டைக்குள் இறங்குவதை ஒரு முறையாவது அளந்து பாருங்கள். அளக்கிற கருவியை அதற்கும் முன்னால்.

தமிழ்செல்வியின் கைபேசியை நான் அணைக்கவில்லை. அவள் போய் எட்டு மாதம். காலை ஏழு மணிக்கு அதில் ஒரு செய்தி வரும். இன்றும் வந்தது: "அன்புள்ள தமிழ்செல்வி, உங்கள் நானோ அளவு இன்று 98. நல்ல முன்னேற்றம்."