கடிகாரக்காரர் மகனும் லிஃப்ட்காரர் மகளும்

"இந்தத் தடிப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடட்டுமாங்க?"

மனைவி சர்வ சாதாரணமாகத்தான் கேட்டாள். லிஃப்ட்காரர் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் ஏற்றமும் இறக்கமும் அவர் கையில். தன் வீட்டில் மட்டும் பல வருஷமாக இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனவர். மனைவி பல் டாக்டர் ஒருவரின் வரவேற்பறையில் வேலை பார்த்தாள். பல்லைப் பிடுங்கவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக்கொண்டு வருகிறவர்களை, "சும்மா உக்காந்து பாருங்க, நாற்காலி புதுசு" என்று சொல்லி உட்கார வைப்பது அவள் உத்தியோகம். அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"எதை? அந்த நாவலையா? என்னை உருவாக்கின புத்தகம் அது!"

"அப்ப அச்சுப்பிழை ஜாஸ்தி இருக்கும்போல."

"சிரிக்காதே. ஒரு சின்னப் பையன் வளர்ந்து ஆளாகிற கதை. துறைமுகத்துல கடிகாரம் ரிப்பேர் பண்றவரோட மகன். அவன் பள்ளிக்கூடம், அவன் சேட்டை, அவன் முதல் காதல்... இருபது வயசுல ஒரே மூச்சுல படிச்சேன். அன்னிக்குத்தான் எனக்கு மீசையே முளைச்சுது."

"அதெல்லாம் அந்தக் காலத்துக்குச் சரி. இப்ப யாருங்க கடிகாரத்துக்குச் சாவி குடுக்கிறாங்க? இந்தக் காலத்துப் பிள்ளைங்க இதைப் படிச்சா கொட்டாவிதான் வரும்."

இதுதான் லிஃப்ட்காரருக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்ததே வீட்டில் ஒரு நிகழ்ச்சி.

"காலம் மாறலாம். பக்குவம் மாறாது! பாப்பா, இங்க வா!"

பாப்பா வந்தாள். பள்ளிப்படிப்பை முடித்துவிட்டவள். துறைமுக நகரத்தில் கப்பல் எஞ்சின் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. கிடைத்த நாளிலிருந்து வீட்டில் ஒரே புகைச்சல். பின்தெருவிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது, அங்கே கணக்குப் படித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது அப்பாவின் கட்சி. "உனக்கு இன்னும் பக்குவம் வரலை. வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பார். பக்குவம் எந்த பஸ்ஸில் வருகிறது, எப்போது வந்து சேரும் என்று மகள் கேட்டால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

"இந்தா, இதைப் படி."

"ஐயோ, இவ்ளோ தடியா? தலைக்கு வெச்சுத் தூங்கலாம்போல."

"படி!"

"லிஃப்ட்காரர் வீட்ல எப்பப் பாரு படி, படின்னு ஒரே சத்தம்" என்றாள் மனைவி. "விடுங்க. அவளால முடியாது. பாதியிலே தூக்கிப் போட்டுடுவா."

"ஏன் முடியாது? என் பொண்ணு அவ! இந்தப் புத்தகத்தை முழுசாப் படிச்சு முடிச்சா பக்குவம் தானா வரும். வந்துடுச்சுன்னு நானே ஒத்துக்கறேன், போதுமா?"

"வார்த்தையை விடாதீங்க."

"விட்டாச்சு!"

கையோடு கீழ்வீட்டுக்கு இறங்கிப்போய் அங்கேயும் விட்டார். கீழ்வீட்டில் இருந்தவர் நூலகர். இந்த நாவலின் பேரைச் சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை இரவல் வாங்க ஆளே வருவதில்லையாம்.

"சார், உங்களை மாதிரி ஒரு தகப்பன் இருந்தா போதும், நாடு உருப்படும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க. நீங்களே கேள்வி கேளுங்க. என் பொண்ணு பதில் சொல்லுவா. இந்த நாவல்ல ஒவ்வொரு வரியும் இன்னிக்கும் உண்மைன்னு நிரூபிச்சுக் காட்டறோம்."

மகள் படிக்க ஆரம்பித்தாள். சாப்பிடும்போது படித்தாள், தலை வாரும்போது படித்தாள். திடீரென்று சிரித்தாள், கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சினாள். லிஃப்ட்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா?" என்று மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். மனைவி பாவம், தோற்றுப்போன முகத்தோடு தட்டைக் கழுவினாள்.

ஒருநாள் சாப்பாட்டின்போது மகள் கேட்டாள்: "அப்பா, அந்தக் கடிகாரக்காரர் பண்ணது சரியாப்பா?"

"எவன், அவன் அப்பனா? சரியான பிடிவாதக்காரன்! கப்பல்ல போறேன்னு பிள்ளை கெஞ்சறான். இவன் கதவை மறிச்சுக்கிட்டு நிக்கறான். ஊர்ல எல்லார் கடிகாரத்தையும் சரிபண்ணத் தெரியும், சொந்தப் பிள்ளைக்கு வேளை வந்துடுச்சுன்னு தெரியாது. நான் மட்டும் அந்தத் தெருவுல இருந்திருந்தா சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருப்பேன்!"

"நல்லாச் சொன்னீங்கப்பா" என்றாள் மகள்.

மனைவிக்கு அந்தச் சமயம் பார்த்துப் புரையேறியது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

லிஃப்ட்காரர் வாய்க்குக் கொண்டுபோன கவளம் பாதி வழியில் நின்றது. கப்பல், பிள்ளை, கதவு. எங்கேயோ இடித்தது.

மறுநாள் மகள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் புத்தகத்தை ஸ்பானர் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியில் மெஷின் ரூம். மோட்டார் உறுமுகிற இடம், யாரும் வரமாட்டார்கள். எண்ணெய்த் தகரத்தின் மேல் உட்கார்ந்து பிரித்தார்.

இருபது வயதில் படித்தபோது அவர்தான் அந்தப் பையன். அவன் சேட்டை பண்ணினால் இவருக்கு உற்சாகம், அவனுக்கு அடி விழுந்தால் இவருக்கு வலி. இப்போது பிரித்தால் பையனைக் காணோம். பக்கத்துக்குப் பக்கம் அந்த அப்பன் நின்றுகொண்டிருந்தான். வழுக்கை, மூக்குக்கண்ணாடி, கையில் ஸ்க்ரூ டிரைவர். பிள்ளை கேட்கும்போதெல்லாம் அவன் சொல்கிற ஒரே பதில்: "உனக்கு இன்னும் பக்குவம் வரலை. வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

லிஃப்ட்காரருக்கு வியர்த்தது. எழுதினவன் எப்போதோ செத்துப்போன ஆள். தன் வீட்டுக்குள் எப்படி நுழைந்தான்?

சுவரில் இருந்த அவசர போன் அலறியது.

"ஹலோ! மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேங்க! சீக்கிரம் வாங்க!"

"கொஞ்சம் பொறுங்க சார். இங்க ஒரு அப்பா ரொம்பக் கஷ்டத்துல இருக்காரு."

"என்னது?"

"பிள்ளை சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டான் சார். விடிஞ்சதும் கடைக்குள்ள வந்து எல்லா கடிகாரத்தையும் நிறுத்தறாரு..."

"யோவ், எனக்கு இங்க மூச்சு முட்டுது!"

"எனக்கும்தான் சார்" என்றார் லிஃப்ட்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு ஓடிப்போய் அந்த மனிதரை வெளியே எடுத்தார். அவரிடம் வாங்கிய திட்டு அன்று இவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூலகர் சலவைச் சட்டையோடு வந்தார். மனைவி டீ கொடுத்தாள். மகள் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார்.

"சார், நானும் யோசிச்சுப் பாத்தேன். இந்த நாவல் இந்தக் காலத்துக்கு அவ்வளவா ஒத்து வராதுன்னு தோணுது."

நூலகர் கையில் டீ தளும்பியது. "என்ன சார் இது? ஒவ்வொரு வரியும் உண்மைன்னீங்களே?"

"வரி உண்மைதான். ஆனா... இப்ப யாரு சார் கடிகாரத்துக்குச் சாவி குடுக்கறாங்க?"

"நானும் அதைத்தாங்க சொன்னேன்" என்றாள் மனைவி, மெல்ல. "நீங்கதான் அடிக்க வந்தீங்க. பக்குவம் மாறாதுன்னு சொன்னது யாரு?"

"உங்க வீட்டுக்காரரா இப்படிப் பேசறாரு?" நூலகர் எழுந்தே விட்டார். "சார், கடிகாரமா முக்கியம்? அந்த அப்பன் இருக்கானே, அந்த மாதிரி ஆள் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கான் சார்! அவன் இருக்கிறவரைக்கும் இந்தப் புத்தகத்துக்குச் சாவு கிடையாது!"

"இருக்கான், இருக்கான்" என்றார் லிஃப்ட்காரர் பலவீனமாக.

நூலகர் மகள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. கதையில உனக்கு யாரைப் பிடிச்சுது?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். கேலி இல்லை அந்தப் பார்வையில்.

"எனக்குப் பையனை விட அந்த அப்பாவை நினைச்சாத்தான் பாவமா இருந்துச்சு. அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பையன் சொல்லாம போனதுதான் தப்பு. நான் அப்படிப் போகமாட்டேன். அப்பா சரின்னு சொன்னாத்தான் போவேன். சொல்லலைன்னா பின்தெருவிலேயே கணக்குப் படிக்கிறேன்."

எதிர்த்துப் பேசியிருந்தால் லிஃப்ட்காரர் ஒரு கை பார்த்திருப்பார். இவள் கதவைத் திறந்துவிட்டு அவர் கையிலேயே சாவியைக் கொடுக்கிறாள். அவருக்கு மூக்கு நுனி சிவந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கப்பல்ல லிஃப்ட் இருக்குமா?" என்று கேட்டார் கடைசியில்.

"பெரிய கப்பல்ல இருக்கும்ப்பா."

"அதை மட்டும் நீ தொடாதே. ரிப்பேர்னா எனக்குப் போன் பண்ணு."

மகள் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நூலகர் இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

மகளை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது வீடு பெரிதாகிப்போன மாதிரி இருந்தது. அவள் அறைப் பக்கம் பார்க்காமல் இருவரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள்.

"எப்படியோ ஒரு நல்லது நடந்துச்சு" என்றார் லிஃப்ட்காரர். "புத்தகத்தை அவளைப் படிக்க வெச்சேனே."

"அவ அதைப் போன வருஷமே படிச்சுட்டாங்க. நூலகத்துல இரவல் வாங்கி."

"என்னது! ஆளே வாங்கறதில்லைன்னு அந்த மனுஷன்..."

"அவரும் எங்க கட்சிதான். கதையை அவ எனக்குச் சொன்னா. கேட்டப்ப, இதைப் படிக்க வேண்டிய ஆள் வீட்ல வேற ஒருத்தர் இருக்காரேன்னு தோணிச்சு. நான் படிங்கன்னு குடுத்திருந்தா நீங்க தொட்டிருப்பீங்களா?"

லிஃப்ட்காரர் வாய் திறந்தது, மூடியது. பிறகு மேஜையைத் தட்டினார்.

"நல்லாக் கேட்டுக்கோ. இதுதான் கடைசி. இனிமே நீ ஒண்ணு வேணாம்னு சொன்னா நான் வேணும்னு குதிப்பேன்னு கனவுலயும் நினைக்காதே. உன் தந்திரமெல்லாம் எனக்கு அத்துப்படி ஆயிடுச்சு!"

"சரிங்க" என்றாள் மனைவி அடக்கமாக. சமையலறைச் சுவரை நிமிர்ந்து பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "ரொம்ப அழுக்காயிடுச்சு. ஆனா பெயிண்ட் அடிக்கிறது இந்த வயசுல உங்களால முடியாது. ஒரு ஆளைத்தான் கூப்பிடணும்."

"யாரால முடியாது?" என்று லிஃப்ட்காரர் ஏணியைத் தேடிக்கொண்டு போனார்.